யூடியூப், இன்ஸ்டா வருமானத்துக்கு வரி: முதல் முறை கணக்கு காட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேனலில் பணம் வரத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் வரி?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வரி விகிதத்தில் இல்லை. எந்தத் தேதியில் யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, பிடித்தம் போக வந்ததா முழுதாக வந்ததா என்று எழுதி வைக்காததால்தான் மாட்டுகிறார்கள். நீங்கள் எழுதி வைக்காவிட்டாலும் உங்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் உங்கள் பான் எண்ணைப் போட்டு வரித்துறையிடம் ஏற்கெனவே கணக்குக் கொடுத்திருக்கும். உங்கள் வருமானத்தைப் பற்றி உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்கிற நிலை வரவே கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது எல்லாம் இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு, 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை வந்த பணத்துக்கு. இந்தக் கணக்கு பழைய 1961 வருமான வரிச் சட்டத்தின்படிதான் போகும். 2026 ஏப்ரல் 1 முதல் வரும் பணத்துக்கு 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன, நிதியாண்டு, அதற்கு அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒன்றே வருகிறது. கணக்கு வைக்கும் வேலை மட்டும் அதேதான்.

முதலில், இது எந்த வகை வருமானம்?

விளம்பரப் பங்கு, பிராண்டு கொடுக்கும் பணம், அஃபிலியேட் கமிஷன் (உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைக்கும் பங்கு), மெம்பர்ஷிப், சூப்பர் சாட், நீங்கள் விற்கும் ஆன்லைன் வகுப்பு எல்லாமே தொழில் வருமானம். "வியாபாரம் அல்லது தொழிலில் வரும் லாபம்" என்ற தலைப்பில் காட்ட வேண்டும். பலர் இதை "இதர வருமானம்" என்ற கட்டத்தில் ஒரே தொகையாகப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தொடர்ந்து செய்கிற வேலையை அப்படிக் காட்டுவது சரியில்லை, தொழில் செலவை முறையாகக் கழிக்கவும் அங்கே வழியில்லை.

நேயர்கள் யுபிஐயில் அனுப்பும் பணத்தை "அன்பளிப்புதானே, 50,000 வரை வரி இல்லையே" என்று சிலர் ஒதுக்கி வைக்கிறார்கள். உங்கள் வீடியோவுக்காக, முகம் தெரியாத ஆட்கள் அனுப்பும் பணம் அது. வேலைக்குக் கிடைத்த பணமாகவே அதைச் சேர்த்துவிடுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே சேனல் நடத்துபவர்களுக்கு ஒன்று. நிறுவனம் கொடுத்த படிவம் 16-ஐ (சம்பள டிடிஎஸ் சான்று) மட்டும் வைத்து ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொழில் வருமானம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஐடிஆர்-1 உங்களுக்குப் பொருந்தாது.

தனி வங்கிக் கணக்கும் ஒரு நோட்டும்

சேனலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேனல் சம்பந்தப்பட்ட வரவு, செலவு எல்லாம் அதன் வழியாகத்தான். மளிகைக் கடை, சினிமா டிக்கெட், நண்பருக்குக் கொடுத்த கடன் எதுவும் அதில் வேண்டாம். வீட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை அதிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதை மட்டும் செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது, நிஜமாகவே.

அப்புறம் ஒரு எக்செல் ஷீட். தேதி, யாரிடமிருந்து, எதற்காக, மொத்தத் தொகை, பிடித்த டிடிஎஸ் (பணம் கொடுப்பவர் முன்கூட்டியே கழித்து அரசுக்குக் கட்டும் வரி), கையில் வந்தது, இன்வாய்ஸ் எண் என்று ஏழு கட்டம் போதும். இதில் உயிர்நாடி 'மொத்தத் தொகை' என்ற கட்டம். பிராண்டு உங்களுக்கு 1,00,000 பேசி 10,000 பிடித்து 90,000 அனுப்பினால் உங்கள் வருமானம் 1,00,000. அந்தப் பத்தாயிரம் உங்கள் பெயரில் அரசிடம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்த வரி. வங்கியில் விழுந்த 90,000-ஐ மட்டும் வருமானமாகக் காட்டினால், அவர்கள் சொன்ன தொகைக்கும் நீங்கள் சொன்ன தொகைக்கும் இடைவெளி விழும். வரித்துறையின் கணினி முதலில் தேடுவதே அந்த இடைவெளியைத்தான்.

பேமெண்ட் தரும் ஒவ்வொரு பிராண்டுக்கும் இன்வாய்ஸ் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் வங்கி எண்ணை மட்டும் அனுப்பி முடிக்காதீர்கள். வரிசை எண், தேதி, உங்கள் பெயர், பான், என்ன வேலை, எவ்வளவு தொகை என்றிருந்தால் போதும். இந்தக் காகிதங்களைக் குறைந்தது ஆறு ஆண்டுகளாவது பத்திரமாக வையுங்கள்.

டிடிஎஸ் எங்கெங்கே பிடிக்கிறார்கள்

இந்திய நிறுவனங்கள் பணம் கொடுக்கும்போது வழக்கமாகத் தொழில்முறைக் கட்டணம் என்று 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடிப்பார்கள், ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் கொடுத்தால். சிலர் இதையே ஒப்பந்த வேலை என்று கருதி 194சி-யில் 1 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். அஃபிலியேட் கமிஷனுக்கு 194எச், 2 சதவீதம். பான் எண் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம் போய்விடும், ஆகவே பான் கொடுக்கத் தயங்குவதில் லாபம் ஒன்றுமில்லை.

பிடித்தார்கள் என்பது வேறு, உங்கள் பெயரில் கட்டினார்கள் என்பது வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரி போர்ட்டலில் நுழைந்து படிவம் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் கட்டிய வரிப் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வரவுகள் பற்றித் துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் திறந்து உங்கள் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு உடனே மெயில் போடுங்கள், டிடிஎஸ் பிடித்ததற்கான சான்றான படிவம் 16ஏ கேளுங்கள். ரிட்டர்ன் போடும் வாரத்தில் கேட்டால் பதில் வராது.

இலவசமாக வந்த பொருளுக்கும் வரி உண்டு

ரிவ்யூ செய்யச் சொல்லி போன் அனுப்புகிறார்கள், பணம் தருவதில்லை. இதை வருமானமாகவே நினைக்காதவர்கள்தான் அதிகம். 2022 ஜூலை 1 முதல் 194ஆர் என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது: தொழில் சம்பந்தமாக ஒருவருக்கு ஆண்டில் 20,000-க்கு மேல் மதிப்புள்ள பொருளோ சலுகையோ கொடுத்தால், கொடுப்பவர் 10 சதவீத வரி கட்டப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயணம், ஹோட்டல் தங்கல் போன்றவையும் இதில் வரும்.

சமூக ஊடக இன்ஃப்ளூயன்ஸர்களைப் பெயர் சொல்லியே மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கையில் விளக்கம் கொடுத்தது. பொருளைப் பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது சலுகை ஆகாது, நீங்களே வைத்துக்கொண்டால் ஆகும். ஆக, 60,000 ரூபாய் போனை வைத்துக்கொண்டால் 60,000 உங்கள் வருமானத்தில் சேரும், 6,000 வரியும் உண்டு. பொருளாக வருவதால் அந்த 6,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டியிருக்கலாம், அல்லது பிராண்டே ஏற்றுக்கொள்ளலாம். இதை ஒப்பந்தம் பேசும்போதே, பார்சல் வரும் முன்பே, கேட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் பொருளென்றால் கூரியர் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

20,000-க்குள் வரும் பொருளுக்கு அவர்கள் டிடிஎஸ் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த வரம்பின் அர்த்தம். உங்கள் பக்கம் அது வருமானம்தான். இப்படி வந்த போனையே ஷூட்டிங்குக்குப் பயன்படுத்தினால், வருமானமாகக் காட்டிய மதிப்பை வைத்துத் தேய்மானம் (கருவியின் மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பங்கைச் செலவாக எடுப்பது) கழித்துக்கொள்ளலாம்.

டாலரில் வரும் பணமும் அமெரிக்கப் பிடித்தமும்

யூடியூப் பணம் வாங்குபவர்கள் ஆட்சென்ஸில் (கூகுள் விளம்பரப் பணத்தைக் கொடுக்கும் கணக்கு) வரித் தகவல் படிவத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். 2021 ஜூன் முதல், அமெரிக்காவில் இருக்கும் நேயர்கள் மூலம் வந்த வருமானத்துக்கு அங்கே வரி பிடிக்கிறார்கள். தனிநபருக்கு டபிள்யூ-8பிஇஎன் படிவம். இந்தியா, அமெரிக்கா இடையே உள்ள வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு உங்கள் பான் எண்ணையும் கொடுத்தால் விகிதம் 15 சதவீதம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: மாதம் 1,000 டாலர், அதில் அமெரிக்க நேயர்கள் மூலம் வந்தது 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். படிவம் சரியாக இருந்தால் பிடித்தம் 15 டாலர். படிவமே இல்லையென்றால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை, அதாவது 240 டாலர் போகலாம். பத்து நிமிட வேலைக்கு இவ்வளவு வித்தியாசம். இந்தப் படிவத்தை ஒருமுறை கொடுத்துவிட்டு மறக்கவும் கூடாது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கேட்பார்கள்.

அந்த 15 டாலரை இந்தியாவில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. வருமானத்தை 1,000 டாலராகவே காட்டி, படிவம் 67 தாக்கல் செய்து, வெளிநாட்டு வரிக்கான அட்டவணைகளை ரிட்டர்னில் நிரப்ப வேண்டும். இந்த அட்டவணைகள் ஐடிஆர்-4-ல் (கீழே சொல்லும் உத்தேச லாப முறைக்கான படிவம்) கிடையாது, தொழில் வருமானத்துக்கான முழுப் படிவமான ஐடிஆர்-3 தான் போட வேண்டும். இந்தியாவில் உங்களுக்குக் கட்ட வேண்டிய வரியே பூஜ்யம் என்றால் கழிக்கவும் ஒன்றுமில்லை, அந்த 15 டாலர் போனது போனதுதான்.

வெளிநாட்டுப் பணம் வங்கிக்கு வரும்போது எதற்கான பணம் என்று நோக்கக் குறியீடு கேட்பார்கள். சொந்தக்காரர் அனுப்பிய பணம் என்கிற மாதிரி எதையாவது தேர்ந்தெடுத்துவிடாமல், சேவைக்கு வந்த பணம் என்று சரியாகச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் மாதாமாதம் வாங்கிச் சேர்த்து வையுங்கள், ஜிஎஸ்டி பக்கம் போகும்போது அதுதான் கைகொடுக்கும்.

எதையெல்லாம் செலவாகக் கழிக்கலாம்

வேலைக்காகவே செய்த செலவு எல்லாம் கழியும். எடிட்டருக்குக் கொடுத்த சம்பளம், தம்ப்நெயில் போடுபவருக்குக் கொடுத்தது, மென்பொருள் சந்தா, இசை உரிமம், ஷூட்டிங் பயணம், ஸ்டூடியோ வாடகை. இன்டர்நெட், மின்சாரம், வீட்டு வாடகை போன்றவற்றில் வேலைக்கு எவ்வளவு பங்கு என்று நியாயமாகப் பிரித்து அந்தப் பங்கை மட்டும் எடுக்கலாம். எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள், உதாரணமாக நான்கு அறைகளில் ஒன்று ஸ்டூடியோ என்று. வெளியே போகவும் போட்டுக்கொள்ளும் சட்டை, குடும்பச் சுற்றுலாவில் போகிற போக்கில் எடுத்த ஒரு ரீல் இதையெல்லாம் செலவில் ஏற்ற முயலாதீர்கள், கேட்டால் பதில் சொல்ல முடியாது.

கேமரா, கணினி போன்றவற்றை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க முடியாது, தேய்மானமாகத்தான் கழியும். கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம், கேமரா, மைக், விளக்கு போன்ற கருவிகளுக்குப் பொதுவாக 15 சதவீதம். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் இதில் பாதிதான். மார்ச் கடைசி வாரத்தில் "வரி மிச்சமாகும்" என்று 2 லட்சத்துக்குக் கேமரா வாங்கினால் அந்த ஆண்டு கழிவது 15,000 மட்டுமே. தேவைக்கு வாங்குங்கள், வரிக்காக வாங்காதீர்கள். இன்னொன்று, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை ஏற்க மாட்டார்கள். எடிட்டருக்கும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

உத்தேச லாப முறை வேண்டுமா?

செலவுக் கணக்கே காட்டாமல் வரவில் ஒரு சதவீதத்தை லாபமாக ஒப்புக்கொள்ளும் முறை இது. குறிப்பிட்ட தொழில்முறை வேலைகளுக்கான 44ஏடிஏ பிரிவில், வரவில் குறைந்தது 50 சதவீதம் லாபம். வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. சிறு வியாபாரங்களுக்கான 44ஏடி பிரிவில் வங்கி வழி வரவுக்குக் குறைந்தது 6 சதவீதம். அடேயப்பா, ஆறே சதவீதமா என்று உடனே பாயாதீர்கள். கமிஷன் வருமானம் அந்தப் பிரிவில் வராது, அஃபிலியேட் பணம் வாங்குபவர்கள் அங்கேயே இடிபடுவார்கள். மேலும் உண்மையில் 70 சதவீதம் லாபம் பார்க்கிற தொழிலை 6 சதவீதம் என்று காட்டுவது, பிறகு வீடு வாங்கும்போதோ கேள்வி வரும்போதோ உங்களுக்கே எதிராக நிற்கும். 44ஏடி-க்குள் போய்ப் பாதியில் வெளியேறினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப நுழையவும் முடியாது.

44ஏடிஏ-வுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் அதில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், திரைக் கலைஞர் என்று குறிப்பிட்ட தொழில்களைப் பட்டியலிடுகிறது, யூடியூபர் என்று தனியாக இல்லை. ஆனால் 2025-ல் வந்த ஐடிஆர் படிவங்களில் சமூக ஊடக இன்ஃப்ளூயன்ஸர்களுக்கென்றே 16021 என்ற தொழில் குறியீடு சேர்க்கப்பட்டது. ஆடிட்டர்களிடையே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. என் கருத்து: முதல் ஆண்டு உண்மையான வரவு செலவுக் கணக்கையே வைத்து ஐடிஆர்-3 போடுங்கள். உங்கள் லாபம் நிஜத்தில் எத்தனை சதவீதம் என்று தெரிந்த பிறகு ஒரு ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.

இப்போது விகிதம்

புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. இதன் மேல், வரித் தொகையில் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவில் வரி முழுவதும் தள்ளுபடி. கவனியுங்கள், இது லாபத்துக்கான கணக்கு, வங்கிக்கு வந்த தொகைக்கு இல்லை. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 நிலையான கழிவு தொழில் வருமானத்துக்குக் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆட்சென்ஸ் 6 லட்சம், பிராண்டு 5 லட்சம், அஃபிலியேட் 1 லட்சம், மொத்தம் 12 லட்சம். செலவு மூன்றரை லட்சம் போக லாபம் எட்டரை லட்சம். வரி பூஜ்யம். ஆனால் பிராண்டில் 50,000, அஃபிலியேட்டில் 2,000 ஏற்கெனவே பிடித்திருப்பார்கள், அந்த 52,000 ரிட்டர்ன் போட்டால் மட்டுமே திரும்ப வரும். "எனக்குத்தான் வரி இல்லையே" என்று ரிட்டர்ன் போடாமல் விடுபவர்கள் இழப்பது இதைத்தான். தவிர, தள்ளுபடியால் வரி இல்லாமல் போனாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

லாபம் 14 லட்சம் என்றால்? 20,000, 40,000, 30,000 சேர்ந்து 90,000. செஸ்ஸோடு 93,600.

பழைய முறையில் 80சி (சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான கழிவு) மாதிரி சலுகைகள் வேண்டுமென்றால் தொழில் வருமானம் உள்ளவர்கள் கெடுவுக்குள் படிவம் 10-ஐஇஏ கொடுக்க வேண்டும். சம்பளக்காரர்களைப் போல ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டிருக்க முடியாது, புதிய முறைக்குத் திரும்புவது ஒரே முறைதான். பெரிய வீட்டுக் கடன் வட்டி போன்றவை இல்லாத புதியவர்களுக்குப் பெரும்பாலும் புதிய முறையே போதும்.

முன்கூட்டிய வரி

சம்பளம் என்றால் நிறுவனம் மாதாமாதம் பிடித்துவிடும். இங்கே பிடிக்க ஆள் இல்லாத பணத்துக்கு நீங்களே கட்ட வேண்டும். டிடிஎஸ் போக ஆண்டு வரி 10,000 அல்லது அதற்கு மேல் வரும் என்று தெரிந்தால் ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். உத்தேச முறையில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டலாம். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஒவ்வொரு பேமெண்ட் வரும்போதும் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி அதைத் தொடாமல் வைத்தால்தான் இது நடக்கும். வீடியோ ஒன்று வைரலாகி டிசம்பரில் பணம் கொட்டினால் டிசம்பர் தவணையிலேயே அதைச் சேர்த்துக் கட்டுங்கள்.

ஜிஎஸ்டி

எல்லா வரவும் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், சில வடகிழக்கு மாநிலங்களில் 10 லட்சம். லாபம் இல்லை, வரவு. ஆட்சென்ஸ் பணம் ஏற்றுமதிதானே, அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்றாலும் இந்த 20 லட்சக் கணக்கில் அது சேரும். ஆட்சென்ஸில் 15 லட்சம், இந்திய பிராண்டில் 6 லட்சம் வாங்கினால் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பதிவுக்குப் பிறகு இந்திய பிராண்டுகளிடம் 18 சதவீதம் சேர்த்து இன்வாய்ஸ் போட வேண்டும். பேசிய தொகைக்கு மேல் ஜிஎஸ்டி தனி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் பணத்திலிருந்துதான் போகும். வெளிநாட்டு வரவுக்கு வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய, எல்யுடி என்ற உறுதிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் போர்ட்டலில் கொடுக்க வேண்டும். கேமராவுக்கும் சந்தாவுக்கும் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள நல்ல விஷயம். வரவே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும், விட்டால் தாமதக் கட்டணம். இந்தக் கட்டத்தில் ஆடிட்டர் வைத்துக்கொள்வது வீண் செலவு இல்லை.

ரிட்டர்ன் போடும் நாள்

ஏஐஎஸ்-ஐ இறக்கி ஷீட்டோடு கடைசியாக ஒருமுறை ஒப்பிடுங்கள். அதில் தவறான பதிவு இருந்தால் போர்ட்டலிலேயே மறுப்புத் தெரிவிக்கலாம். கெடு தேதியைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள், அது சில ஆண்டுகளில் நகர்கிறது. தாமதமானால் 5,000 வரை கட்டணம், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ரிட்டர்ன் சமர்ப்பித்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒரு வழியில் சரிபார்ப்பை முடியுங்கள், இல்லையென்றால் போட்டது செல்லாது.

இரண்டு, மூன்று ஆண்டாகப் பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்னே போடாமல் இருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன், ஐடிஆர்-யு என்று ஒன்று இருக்கிறது, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். முதல் 12 மாதத்துக்குள் போட்டால் வரி, வட்டியோடு அதில் 25 சதவீதம் கூடுதல், அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70 என்று ஏறிக்கொண்டே போகும். இதன் வழியாக ரீஃபண்டு கேட்க முடியாது. பழைய வங்கி ஸ்டேட்மென்டுகளையும் அந்தந்த ஆண்டின் 26ஏஎஸ்-ஐயும் இறக்கி எடுத்துக்கொண்டு, துறையிலிருந்து நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.